ரைக்கோவின் மாளிகையில் மண் சிலந்தி: எடோவைக் கலக்கிய ஓர் அச்சுப்படம்

1843-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், எடோ நகரத்துப் படக்கடைகளில் ஒரு புதிய படம் விற்பனைக்கு வந்தது. எடோ என்பது இன்றைய டோக்கியோ. மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய படம் அது. வரைந்தவர் உதகாவா குனியோஷி, பதிப்பித்தவர் இபாயா சென்சபுரோ. கதை எல்லோருக்கும் தெரிந்த பழங்கதைதான்: நோயில் படுத்திருக்கும் தளபதி ரைக்கோவை மண் சிலந்திப் பூதம் ஒன்று வாட்டுகிறது, அவருடைய நான்கு மெய்க்காவலர்கள் கட்டிலோரம் காவல் இருக்கிறார்கள்.

தணிக்கை முத்திரை வாங்கி, எல்லா விதிக்கும் உட்பட்டு வந்த படம். ஆனால் கொஞ்ச காலத்திலேயே ஊரெல்லாம் வேறு பேச்சு. படுத்திருப்பது ரைக்கோ இல்லையாம், நாட்டை ஆளும் ஷோகனாம். பக்கத்தில் இருப்பது மெய்க்காவலன் இல்லையாம், தலைமை அமைச்சராம். பின்னால் இருட்டில் கூச்சல் போடும் பேய்கள்தான் நாமெல்லாம் என்று எடோ மக்கள் சொல்லிக்கொண்டார்கள். படம் பரபரப்பாக விற்றது. பேச்சு வளர வளரப் பதிப்பாளருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கடைகளில் இருந்த படிகளைத் திரும்பப் பெற்று, அச்சுக்கட்டைகளின் முகத்தைச் சீவி அழித்துவிட்டார். அழிக்கச் சொல்லி உத்தரவு எதுவும் வரவில்லை, அவராகவே செய்தார்.

விதி எதையும் மீறாத ஒரு படம் எப்படி இவ்வளவு பயத்தைக் கிளப்பியது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தின் குற்றச்சாட்டில் பாதியைத்தான் குனியோஷி வரைந்தார். மீதியை வாங்கிப் பார்த்தவர்கள் வரைந்தார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவறிவை நான் பெரிய கலைத்திறனாக மதிக்கிறேன்.

கதையில் உள்ளது

ரைக்கோ கற்பனைப் பாத்திரம் அல்ல. மினமோட்டோ நோ யோரிமிட்சு என்பது அவருடைய முழுப்பெயர்; 948 முதல் 1021 வரை வாழ்ந்த ஒரு படைக்குடும்பத்துத் தலைவர். அவரைச் சுற்றிப் பிற்காலத்தில் கதைகள் வளர்ந்தன. ஓயே மலையில் இருந்த ஷுட்டென் தோஜி என்ற குடிகார அரக்கனை வென்றது, தன்னிடம் நான்கு பெரும் வீரர்களை வைத்திருந்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அந்த நால்வர் வதனாபே நோ சுனா, சகாட்டா நோ கிந்தோகி, உசுயி நோ சதமிட்சு, உராபே நோ சுவேதாகே. சுனா ஓர் அரக்கனின் கையை வெட்டியவன். கிந்தோகி சிறுவயதில் கிந்தாரோ என்ற பெயரில் ஆஷிகாரா மலையில் ஒரு மலைக்கிழவியிடம் வளர்ந்து, கரடியோடு மல்லுக்கு நின்றவன். ஜப்பானியக் குழந்தைகளுக்கு இன்றைக்கும் கிந்தாரோவைத் தெரியும்.

மண் சிலந்திக் கதை ஹெய்க்கே என்ற பழைய போர்க் காவியத்தின் வாள் பற்றிய அத்தியாயத்தில் வருகிறது. ரைக்கோ காய்ச்சலில் துவண்டு கிடக்கிறார். ஓர் இரவு ஏழடி உயரத் துறவி ஒருவன் படுக்கை அருகே வந்து அவர் மேல் கயிற்றை வீசப் பார்க்கிறான். ரைக்கோ துள்ளி எழுந்து தலைமாட்டில் இருந்த ஹிசாமாரு என்ற வாளால் வெட்டுகிறார். துறவி மறைகிறான். சிந்திய இரத்தத்தைத் தொடர்ந்து போனால், அது கித்தானோ கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய மேட்டில் முடிகிறது. தோண்டினால் உள்ளே பெரிய சிலந்தி. அதைக் கொன்றதும் காய்ச்சல் இறங்குகிறது. வாளுக்குச் சிலந்தியை வெட்டியது என்று புதுப்பெயர் கிடைக்கிறது.

இதே கதைக்கு 14-ஆம் நூற்றாண்டுச் சித்திரச் சுருள் ஒன்றும் இருக்கிறது. இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ரைக்கோவும் சுனாவும் பறந்துபோகும் ஒரு மண்டையோட்டைப் பின்தொடர்ந்து ஒரு பாழ்வீட்டுக்குள் நுழைகிறார்கள். இரவு முழுக்க விதவிதமான பேயுருக்கள் வந்து போகின்றன. கடைசியில் சிலந்தியை வெட்டும்போது அதன் வயிற்றில் இருந்து 1990 மனிதத் தலைகள் கொட்டுகின்றன. ஆக, மண் சிலந்திக் கதையில் பேய்க்கூட்டம் வருவது குனியோஷியின் கண்டுபிடிப்பு இல்லை. அது பழைய மரபிலேயே இருந்தது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சுருளில் பேய்கள் இருப்பது சிலந்தியின் வீட்டில். வீரர்கள் தேடிப்போய் அங்கே நுழைகிறார்கள். குனியோஷியின் படத்தில் பேய்கள் வந்திருப்பது ரைக்கோவின் வீட்டுக்கு. படத்தின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது: யோரிமிட்சு பிரபுவின் மாளிகையில் மண் சிலந்தி பூதங்களை உண்டாக்கும் காட்சி. காடும் பாழ்வீடும் போய், ஆட்சி நடக்கும் வீட்டுக்குள்ளேயே கலகம். கதையை அவர் மாற்றவே இல்லை, இடத்தை மட்டும் மாற்றினார்.

இன்னொரு பழைய செய்தியும் இங்கே சேரும். 8-ஆம் நூற்றாண்டு வரலாற்று நூல்களில் மண் சிலந்தி என்ற பெயர் பூதத்துக்கு வைத்தது அல்ல. பழைய ஜப்பானின் யமாட்டோ அரசவைக்கு அடங்க மறுத்த உள்ளூர் மக்கள் கூட்டங்களை அப்படி அழைத்தார்கள். அவர்கள் தோற்று மறைந்த பிறகுதான் அந்தப் பெயர் எட்டுக்கால் பூதத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

படத்தில் உள்ளது

ஒவ்வொரு தாளும் ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் உயரம், 25 சென்டிமீட்டர் அகலம். ஓபான் என்று சொல்லும் வழக்கமான அளவு. மூன்றையும் சேர்த்தால் முக்கால் மீட்டர் அகலத்துக்கு ஓர் அறை விரிகிறது. ஜப்பானிய வழக்கப்படி வலப்பக்கத்தில் இருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்.

வலது தாளின் மேற்பகுதியில் ரைக்கோ சாய்ந்து கண்ணயர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், கிட்டத்தட்ட அவரை மூடும் நிலையில், மண் சிலந்தி எழுகிறது. அவருக்கு அருகில் சுவேதாகே உட்கார்ந்திருக்கிறான். இன்னொரு பக்கம் சுனாவும் கிந்தோகியும் கோ ஆட்டப் பலகையில் கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். காவலர்கள் கோ ஆடுவது இந்தக் கதையைப் படமாக்குபவர்கள் வழக்கமாக வைக்கும் விவரம்தான். இரவுக் காவலில் தூங்காமல் இருக்க அது ஒரு வழி.

இந்த வீரர்களின் உடைகள் பெரிய பெரிய வடிவங்களோடு, அழுத்தமான நிறங்களில், கூர்மையான கறுப்புக் கோடுகளோடு இருக்கின்றன. குனியோஷி வீரர்களை வரைந்தே புகழ் பெற்றவர். 1827 வாக்கில் சீனக் கதை ஒன்றின் 108 வீரர்களில் பலரை, சிலருக்கு உடம்பெல்லாம் பச்சை குத்தி, வரைந்த வரிசைதான் அவரை நகரம் அறியச் செய்தது. அந்தக் கை இங்கே கீழ்ப்பாதியில் தெரிகிறது.

மேல்பாதியைப் பாருங்கள். நடுத்தாளில் தொடங்கி இடது தாள் முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்குள் மங்கலான சாம்பல் நிறங்களில் நெருக்கியடித்துக்கொண்டு பேய்கள். ஜப்பானியர் யோகாய் என்று சொல்லும் வகை: விலங்கு முகம் கொண்டவை, நீண்ட கழுத்து உள்ளவை, வீட்டுச் சாமான்களுக்கு உயிர் வந்தது போன்றவை. கொடிகளும் ஆயுதங்களும் தூக்கிக்கொண்டு இரண்டு படைகளாக மோதுகின்றன. பேய்கள் இரவில் ஊர்வலம் போகும் காட்சி ஜப்பானிய ஓவியத்தில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. இது ஊர்வலம் இல்லை, போர்க்களம்.

நோயாளியின் கெட்ட கனவு என்று இதைச் சொல்லிவிடலாம். அப்படித்தான் தணிக்கைக்கும் போயிருக்க வேண்டும். ஆனால் எனக்கு இந்தப் படத்தில் மிகவும் உறைப்பது, ரைக்கோ வாளை எடுக்காததுதான். காவியத்தில் அவர் துள்ளி எழுகிறார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அந்தக் கதையே சொல்லப்பட்டது. குனியோஷி அதற்கு முந்திய கணத்தைப் பிடித்து அங்கேயே நிறுத்திவிட்டார். எழுவாரா என்று படம் சொல்லவில்லை.

அன்றைய எடோ

இந்தப் படம் வெறும் பேய்ப்படமாக ஏன் பார்க்கப்படவில்லை என்பதற்கு அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1830-களில் ஜப்பான் கடும் பஞ்சத்தைப் பார்த்தது. 1837-இல் ஒசாகாவில் ஓஷியோ ஹெய்ஹச்சிரோ என்ற முன்னாள் காவல் அதிகாரி ஏழைகளுக்காகக் கலகம் செய்து, நகரின் ஒரு பெரும் பகுதி எரிந்தது. அதே ஆண்டு தொக்குகாவா இயேயோஷி 12-ஆவது ஷோகன் ஆனார். அதிகாரம் அவருடைய தந்தை இயேனாரி கையில்தான் தொடர்ந்தது. 1841-இல் இயேனாரி இறந்த பிறகு, தலைமை அமைச்சர் மிசுனோ தடாகுனி தெம்போ சீர்திருத்தம் என்ற பெயரில் உத்தரவுகளைப் பொழியத் தொடங்கினார்.

ஆட்சியின் கஜானா காலி, சாமுராய்கள் கடனில், விலைவாசி ஏறிக்கிடக்கிறது. மிசுனோவின் கவலைகள் பொய்யில்லை. அதற்கு அவர் கண்ட மருந்து சிக்கனமும் ஒழுக்கமும். வணிகர் சங்கங்கள் கலைக்கப்பட்டன. ஆடம்பரத் துணி, விலையுயர்ந்த சீப்பு, கொண்டை ஊசி எல்லாவற்றுக்கும் தடை. பெண்களுக்குத் தலைவாரிவிடும் தொழிலைச் செய்த பெண்களுக்கும் தடை. பருவத்துக்கு முன்னால் விளையவைத்த காய்கறியை விற்கக்கூடாது. பரிசுச் சீட்டுக்குத் தடை. நகரத்தில் பல நூறாக இருந்த கதைசொல்லிக் கூடங்கள் 15 ஆகக் குறைக்கப்பட்டன. கபுகி நாடக அரங்குகள் நகர நடுவில் இருந்து அசாகுசாவுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டப்பட்டன. 1842-இல் புகழ்பெற்ற நடிகர் ஏழாம் தஞ்சூரோ ஆடம்பரக் குற்றத்துக்காக எடோவில் இருந்தே விரட்டப்பட்டார். காதல் கதைகள் எழுதிய தமேனாகா ஷுன்சுய்க்கு 50 நாள் கைவிலங்கு.

இதையெல்லாம் தெருவில் நடைமுறைப்படுத்தியவர் நகர நீதிபதி தொரீ யோசோ. ஒற்றர்களை வைத்து வேட்டையாடுவதில் பேர்போனவர். அவருடைய பெயரின் ஓர் எழுத்தையும் பதவிப் பட்டத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து, எடோ மக்கள் அவருக்கு 'யோகாய்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பேய் என்ற சொல் அந்த ஆண்டுகளில் எங்கெல்லாம் புழங்கியது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

படத் தொழிலுக்கும் அடி விழுந்தது. 1842-இல் கபுகி நடிகர்களையும் விலைமாதரையும் ஆடல்பாடல் கலைஞர்களான கெய்ஷாக்களையும் படமாக அச்சிடத் தடை வந்தது. இது சாதாரணத் தடை இல்லை. எடோவின் அச்சுப்படத் தொழில் உயிர்வாழ்ந்ததே இந்தப் படங்களால்தான். அதே ஆண்டு இன்னும் சில விதிகள் வந்தன: ஒரு படம் மூன்று தாளுக்கு மேல் போகக்கூடாது, நிறங்களுக்கான கட்டைகள் ஏழு எட்டைத் தாண்டக்கூடாது, ஒரு தாள் 16 மோனுக்கு மேல் விற்கக்கூடாது. 16 மோன் அன்றைக்கு ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலை. வரைபடத்தைப் பேட்டைத் தலைவர்களிடம் காட்டி, அவர்கள் முத்திரையைக் கட்டையிலேயே செதுக்கி, ஒவ்வொரு படியிலும் அச்சிட வேண்டும்.

இந்த விதிகளை மனதில் வைத்து மண் சிலந்திப் படத்தைத் திரும்பப் பாருங்கள். மூன்று தாள், அனுமதிக்கப்பட்ட உச்சம். முத்திரை இருக்கிறது. நடிகர் இல்லை, விலைமாது இல்லை. பழைய வீரக்கதை, அதாவது அரசு விரும்பும் பொருள். சட்டம் திறந்துவிட்ட ஒரே வாசல் வழியாகத்தான் குனியோஷி உள்ளே வந்தார்.

கட்டையும் கையும்

இப்படி ஒரு படம் எத்தனை பேர் கையைத் தாண்டி வருகிறது என்பது இந்த வழக்குக்கு முக்கியம். ஓவியர் மெல்லிய தாளில் கறுப்புக் கோடுகளால் வரைந்து கொடுக்கிறார். தணிக்கை முடிந்ததும், செதுக்குபவர் அந்தத் தாளை மலைச்செர்ரி மரப்பலகை மேல் கவிழ்த்து ஒட்டி, கோடு தவிர மற்ற இடத்தைச் செதுக்கி எடுக்கிறார். ஓவியரின் மூலம் அந்த வேலையிலேயே அழிந்துபோகிறது. கோட்டுக் கட்டையில் எடுத்த மாதிரித் தாள்களில் ஓவியர் நிறங்களைக் குறிக்கிறார். நிறத்துக்கு ஒன்றாக வேறு கட்டைகள் தயாராகின்றன. ஒவ்வொரு கட்டையின் மூலையிலும் தாளைப் பொருத்தி வைக்க ஒரு சிறு குறி வெட்டியிருக்கும். அச்சிடுபவர் காகித மல்பெரி நாரில் செய்த தாளை அந்தக் குறியில் பொருத்தி, மூங்கில் உறை சுற்றிய பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகில் தேய்த்து எடுக்கிறார். நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் இதே வேலை. மூன்று தாள் என்றால் மும்மடங்கு.

இத்தனைக்கும் பணம் போடுபவர் பதிப்பாளர். லாபமும் அவருக்கு, முதல் ஆபத்தும் அவருக்கு. கட்டைகள்தான் அவருடைய சொத்து. அவை இருக்கும்வரை தேவைக்கு ஏற்ப அச்சிட்டுக்கொண்டே இருக்கலாம். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் படத்தின் கட்டைகளை ஒருவர் தானே சீவி எறிகிறார் என்றால் அவர் மனதில் இருந்த பயத்தின் அளவை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பேய்களை மங்கலான சாம்பலில் போட்டது நிறக்கட்டைக் கட்டுப்பாட்டுக்கும் ஒத்துப்போகிறது. குறைந்த நிறத்தில் நிறைய உருவங்கள். விதி இறுக்கியதை ஓவியர் தன் வசதிக்குத் திருப்பிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மங்கலால் இன்னொரு பலனும் கிடைத்தது: எந்தப் பேய் எது என்று சட்டெனத் தெரியாது. குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும். பார்ப்பவரைத் தேடவைக்கும் படம்.

மக்கள் வாசித்த விதம்

இந்தப் பேச்சு எப்படிப் பரவியது என்பது நமக்குத் தெரிவதற்கு ஒரு பழைய புத்தகக் கடைக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். புஜியோகாயா என்ற கடைப்பெயரால் அறியப்பட்ட அவர், எடோவின் செய்திகளையும் வதந்திகளையும் பல பத்தாண்டுகள் விடாமல் எழுதிவைத்தார். குனியோஷியின் படம், அதைப் பற்றிய பேச்சு, பதிப்பாளரின் பயம் எல்லாம் அவருடைய குறிப்பேட்டில் இருக்கின்றன.

வாசிப்பு ஒரு சின்ன விவரத்தில் தொடங்கியது. ரைக்கோவின் அருகில் இருக்கும் சுவேதாகேயின் உடையில் ஓமோதாகா என்ற நீர்ச்செடியின் சின்னம் இருக்கிறது. அம்புமுனை போன்ற இலை உள்ள செடி. அது மிசுனோ தடாகுனியின் குடும்பச் சின்னம். இதைக் கண்டுபிடிக்க அன்றைக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பிரபுக்களின் ஊர்வலங்கள் எடோ தெருக்களில் தினமும் போகும். எந்தப் பிரபுவுக்கு எந்தச் சின்னம் என்று காட்டும் கைப்புத்தகங்கள் கடைகளில் விற்றன. சின்னம் படிப்பது அந்த நகரத்தில் வாழ்பவர்களுக்கு அன்றாடத் திறமை.

சுவேதாகே மிசுனோ என்றால், பக்கத்தில் தூங்குபவர் யார்? அமைச்சர்கள் எதைக் கொண்டுவந்தாலும் இயேயோஷி "அப்படியே செய்யுங்கள்" என்று மட்டும் சொல்வாராம்; அதையே அவருக்குப் பட்டப்பெயராகவும் வைத்திருந்தார்கள். நாட்டின் தலைவர் தூங்க, அமைச்சர் ஆள, மற்ற பெரியவர்கள் கோ ஆட, வெளியே மக்கள் கொதிக்கிறார்கள். ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் மீதியெல்லாம் தானாக அவிழ்ந்துவிட்டது. மற்ற மூன்று வீரர்களுக்கும் அன்றைய அமைச்சர்களின் பெயர்களை மக்கள் பொருத்தினார்கள்.

அப்புறம் பேய்கள். இங்கேதான் எடோ மக்கள் உற்சாகமாக வேலை செய்தார்கள். விளக்கு உருவத்தில் இருக்கும் பேயின் மேல் செல்வம் என்று பொருள்படும் எழுத்து இருப்பதால் அது தடைசெய்யப்பட்ட பரிசுச் சீட்டு. பல் இல்லாத பேய் கதைசொல்லி, ஏனென்றால் பல் இல்லை என்பதும் கதை என்பதும் ஜப்பானிய மொழியில் ஒரே ஒலி. இப்படி ஒவ்வொரு பேயும் மிசுனோவின் உத்தரவால் பிழைப்பிழந்த ஒரு தொழிலுக்கோ கூட்டத்துக்கோ உரியதாயிற்று. படத்தை வாங்குபவர்கள் இந்தப் புதிர்களை அவிழ்ப்பதற்காகவே வாங்கினார்கள். எடோ மக்கள் படப்புதிர்களில் ஊறியவர்கள். பொருட்களின் பெயரை ஒலியாகச் சேர்த்து வாசிக்கும் படங்கள் அங்கே சாதாரணமாக விற்பவை.

இதில் எவ்வளவு குனியோஷி நினைத்தது? ஓமோதாகா சின்னம் தற்செயல் என்று நான் நம்பவில்லை. மிசுனோவின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில், படுக்கைக்கு மிக அருகில் இருப்பவன் மேல் அந்தச் சின்னம் தானாக வந்து விழாது. ஆனால் ஒவ்வொரு பேய்க்கும் அவர் மனதில் ஒரு பட்டியல் இருந்தது என்பதை ஏற்கத் தயங்குகிறேன். சிலவற்றில் குறிப்பு தெளிவாக இருக்கிறது. பலவற்றை மக்கள் தாங்களே இட்டு நிரப்பியிருக்கிறார்கள். ஒரு பேய்க்கு ஒருவர் ஒரு பெயர் சொன்னால் இன்னொருவர் வேறு சொல்லலாம். படம் இரண்டையும் தாங்கும். தணிக்கை அதிகாரி கேட்டால் குனியோஷி சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: இது மண் சிலந்தி, இவர் ரைக்கோ, பெயர்கள் படத்திலேயே எழுதியிருக்கின்றன. அதில் பொய் ஒன்றும் இல்லை.

தண்டனை யாருக்கு

இந்தத் துறையில் பயத்துக்குப் பழைய காரணம் இருந்தது. 1804-இல் கிதாகாவா உதமாரோ, ஆட்சியாளராக இருந்து மறைந்த ஹிதேயோஷியைப் படமாக வரைந்ததற்காக 50 நாள் கைவிலங்கோடு இருந்தார். அவரோடு தண்டிக்கப்பட்டவர்களில் குனியோஷியின் ஆசான் டோயோகுனியும் ஒருவர். சமீப நூற்றாண்டுகளின் அரசியல் ஆட்களைப் படத்தில் காட்டக்கூடாது என்பது எழுதப்பட்ட விதி. அதனால்தான் ஓவியர்கள் எதைச் சொல்ல வேண்டுமானாலும் பல நூற்றாண்டு பின்னால் போய் ரைக்கோ போன்றவர்களைத் தேடினார்கள்.

1843-இல் குனியோஷி தண்டிக்கப்படவில்லை. கட்டைகளைப் பதிப்பாளர் முந்திக்கொண்டு அழித்ததும், காலமும் அவருக்கு உதவின. படம் வெளிவந்து சில வாரங்களில் மிசுனோவே பதவி இழந்தார். எடோவையும் ஒசாகாவையும் சுற்றி இருந்த நிலங்களை ஷோகனின் நேரடிப் பிடிக்குள் கொண்டுவர முயன்றது பிரபுக்களையும் அவருக்கு எதிராகத் திருப்பியிருந்தது. பதவி போன செய்தி கேட்டு மக்கள் திரண்டு போய் அவர் மாளிகை மேல் கல்லெறிந்தார்கள். படத்தில் இருட்டில் நின்ற கூட்டம் தெருவுக்கே வந்துவிட்டது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் வியப்பில்லை.

அடி வேறொருவர் மேல் விழுந்தது. குனியோஷியின் படம் விற்ற வேகத்தைப் பார்த்து அதே கதையைப் பலர் வரைந்தார்கள். அவர்களில் உதகாவா சதாஹிதே சிறிய அளவில் வரைந்த ஒரு படம் அதிகாரிகள் கையில் சிக்கியது. அவருக்கும் பதிப்பாளருக்கும் தண்டம் விதிக்கப்பட்டது. முதலில் வரைந்தவர் தப்ப, பின்னால் வந்தவர் மாட்டியது முதல் பார்வைக்கு அநியாயம்தான். ஆனால் குனியோஷியின் படத்துக்குப் பிறகு ரைக்கோ, சிலந்தி, பேய் மூன்றையும் சேர்த்து யார் வரைந்தாலும் அது கதையாக இருக்க முடியாது. பொருள் என்ன என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொல்லித் தப்பிக்கும் வசதியை முதல் படமே செலவழித்துவிட்டது.

குனியோஷிக்கு இதன்பிறகு ஒரு பெயர் நிலைத்தது. அவர் எதை வரைந்தாலும் அதில் ஏதோ மறைந்திருக்கிறது என்று மக்கள் தேடத் தொடங்கினார்கள். அவரும் அதை விடவில்லை. நடிகர் படத்துக்குத் தடை இருந்த ஆண்டுகளில், சுவரில் சிறுவர்கள் ஆணியால் கிறுக்கியது போல நடிகர் முகங்களை வரைந்து வெளியிட்டார். நடுவில் ஒரு பூனை நடனமாடும். பூனைகள் மேல் அவருக்கு இருந்த பிரியம் ஊரறிந்தது. மனிதர்கள் செய்வதையெல்லாம் பூனைகளும் தங்கமீன்களும் செய்வதாக வரைந்தார். 1853-இல் இன்னொரு படத்துக்காக அதிகாரிகள் அவரைப் பற்றி இரகசியமாக விசாரித்தார்கள். பத்து வருடம் கழித்தும் மண் சிலந்தியின் நிழல் அவர் மேல் இருந்தது.

மண் சிலந்திப் படத்தின் படிகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் வேறு இடங்களிலும் இருக்கின்றன. கட்டை சீவப்படுவதற்கு முன்னால் யாரோ வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டதால் பிழைத்தவை. அந்த வாங்கியவர்களுக்கும் இந்த வழக்கில் ஒரு பங்கு உண்டு. வைத்திருப்பதே ஆபத்து என்று தெரிந்த பிறகும் எறியாமல் வைத்திருந்தார்கள்.

1850-இல் குனியோஷியிடம் மாணவனாகச் சேர்ந்த ஒரு சிறுவன் பின்னால் யோஷிதோஷி என்ற பெயரில் பெரும் ஓவியர் ஆனான். குனியோஷி 1861-இல் இறந்தார். 1868-இல் ஷோகன் ஆட்சி முடிந்தது. 1892-இல், தன் வாழ்வின் கடைசி ஆண்டில், யோஷிதோஷி இதே காட்சியைத் தன் பேய்ப்பட வரிசைக்காக வரைந்தார். ஒரே தாள், ஒரே சிலந்தி. காவலர்கள் இல்லை, பேய்ப்படை இல்லை, சின்னங்களில் புதிர் இல்லை. ரைக்கோ வாளை உருவிக்கொண்டு எழுந்துவிட்டார்.